நீக்கிய பிறகு யாருக்கு என்ன தெரிகிறது: மாடரேட்டர் கருவிகள், நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

'நீக்கு' பட்டன் எல்லாத் தளத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது. அழுத்திய பிறகு நடப்பதுதான் தளத்துக்குத் தளம் வேறு. எழுதியவருக்குத் தகவல் போகிறதா, படிப்பவர்களுக்கு அங்கே ஏதோ இருந்தது என்று தெரிகிறதா, சக மாடரேட்டருக்கு (குழுவைக் கண்காணித்து விதி மீறியவற்றை நீக்குபவருக்கு) யார் எதற்காக எடுத்தார் என்று தெரிகிறதா? இவை மூன்றும் தனித்தனிக் கேள்விகள். 'வெளிப்படையான மாடரேஷன்' என்று தளங்கள் விளம்பரம் செய்வது பெரும்பாலும் மூன்றாவதை மட்டும்தான். முதல் கேள்வியில்தான் பல கருவிகள் கவிழ்கின்றன.

எந்தத் தளத்தில் பொறுப்பேற்றாலும் முதல் நாளே இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது. மாடரேட்டர் கணக்கு ஒன்று, சாதாரண உறுப்பினர் கணக்கு ஒன்று, லாகின் செய்யாத இன்காக்னிட்டோ ஜன்னல் ஒன்று. உறுப்பினர் கணக்கில் ஒரு கமெண்ட் போட்டு, அதற்குக் கீழே ஒரு பதிலும் போட்டுவிட்டு, மாடரேட்டர் கணக்கிலிருந்து மேலே உள்ளதை மட்டும் நீக்குங்கள். மூன்று ஜன்னலையும் ரீஃப்ரெஷ் செய்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு பதிலே வராத கமெண்ட் ஒன்றை வைத்து இதையே திரும்பச் செய்யுங்கள். செயலியிலும் பிரவுசரிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றுபோல் காட்டும் என்று நம்பக் கூடாது.

தலைப்புவாரிக் குழுக்களாக இயங்கும் விவாதத் தளமான ரெடிட்டில் இந்தச் சோதனை செய்பவர்களுக்கு முதல் அதிர்ச்சி காத்திருக்கும். போஸ்டை நீக்கினால், திறந்து பார்ப்பவருக்கு 'மாடரேட்டர்கள் நீக்கினார்கள்' என்ற பட்டை தெரியும். கமெண்டுக்கு அந்த மரியாதை இல்லை. பதில் இருந்தால் மற்றவர்களுக்கு அந்த இடத்தில் 'ரிமூவ்டு' என்ற சொல் மட்டும் நிற்கும்; பதில் இல்லாவிட்டால் தடமே இல்லாமல் போய்விடும். எழுதியவருக்கோ, லாகின் செய்திருக்கும்வரை கமெண்ட் அப்படியே இருப்பதுபோல்தான் பல காலமாகக் காட்டிவந்திருக்கிறார்கள். தன் கமெண்டுக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். ஸ்பேம் போடுபவனை ஏமாற்ற இது நல்ல உத்திதான். நாலு வருஷமாக ஒழுங்காக எழுதிக்கொண்டிருக்கும் உறுப்பினருக்கும் அதே வைத்தியம் என்பதுதான் கோளாறு.

'ரிமூவ்டு', 'டெலீட்டட்' இரண்டும் ஒன்றல்ல என்பதையும் உறுப்பினர்களுக்கு ஒருமுறை விளக்கிவிட வேண்டும். முதலாவது மாடரேட்டரோ பாட்டோ (தானாக இயங்கும் நிரல்) எடுத்தது, இரண்டாவது எழுதியவரே அழித்தது. மாடரேட்டர் நீக்கிய கமெண்டை எழுதியவரும் பிறகு அழித்துவிட்டால், வாசகம் மாடரேட்டருக்கும் தெரியாது. 'நான் அப்படி எழுதவே இல்லை' என்று மறுநாள் மேல்முறையீடு வந்தால் காட்டக் கையில் ஒன்றும் இருக்காது. பிரச்சினையாகும் என்று தோன்றும் கமெண்டை நீக்கும்போதே வாசகத்தை நகலெடுத்து, மாடரேட்டர்கள் மட்டும் பார்க்கும் குறிப்பில் ஒட்டிவிடுங்கள்.

காரணம் சொல்வதற்கு 'ரிமூவல் ரீசன்' வசதி இருக்கிறது. விதிக்கு ஒன்றாக முன்கூட்டியே வாசகம் எழுதி வைத்தால், நீக்கியதும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்து, கமெண்டாகவோ தனிச் செய்தியாகவோ அனுப்பலாம். உங்கள் சொந்தப் பெயர் தெரியாமல் குழுவின் பெயரிலேயே அனுப்பவும் வழி உண்டு. இது சரியாக இயங்குகிறது. ஆனால் கட்டாயம் அல்ல. மாடரேட்டர் பார்வைக்கான காத்திருப்பு வரிசையில் 40 கமெண்ட் நிற்கும்போது அத்தனையையும் டிக் செய்து மொத்தமாக நீக்கத்தான் கை போகும். அப்போது யாருக்கும் காரணம் போகாது.

அடுத்தது ஆட்டோமாடரேட்டர், எழுதிக் கொடுத்த விதிப்படி கமெண்டுகளைத் தானாகவே சலிக்கும் ரெடிட்டின் பாட். விதியில் 'ரிமூவ்' என்று எழுதினால் கமெண்ட் போய்விடும், வரிசைக்கும் வராது. 'ஃபில்டர்' என்று எழுதினால் நீக்கிவிட்டு வரிசையில் நிறுத்தும். மனிதக் கண் ஒருமுறை படும். புதிதாக எழுதும் எந்த விதியையும் முதல் இரண்டு வாரம் ஃபில்டராகவே வைத்திருங்கள். கூடவே 'ஆக்‌ஷன் ரீசன்' வரியில் எந்தச் சொல் சிக்கியது என்பதைக் காட்டும் 'மேட்ச்' குறியைச் சேர்த்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் நடவடிக்கைப் பதிவான லாகில் 'ஆட்டோமாடரேட்டர் நீக்கியது' என்று மட்டும் இருக்கும். 60 விதிகளில் எது கடித்தது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இன்னொன்று: நீக்கும் விதிகள் மாடரேட்டர்களைத் தானாகவே விட்டுவிடும். மாடரேட்டர் கணக்கிலிருந்து சோதித்துவிட்டு 'விதி வேலை செய்யவில்லை' என்று சொல்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

தமிழில் எழுதும் குழுக்களுக்கு இதற்குள்ளேயே இன்னொரு குழி இருக்கிறது. கடன் ஆப் விளம்பரத் தொல்லை தாங்காமல் 'லோன்' என்ற சொல்லைத் தடை செய்கிறீர்கள் என்று வையுங்கள். பைத்தான் நிரல்மொழியில் இயங்கும் பாட், சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை ரெகெக்ஸின் (சொல் வடிவங்களைத் தேடும் குறிமொழி) சொல்லெல்லைக் குறியை வைத்துக் கணக்கிடுகிறது. பைத்தானின் வழக்கமான ரெகெக்ஸ் க, ச, ல போன்றவற்றை எழுத்து என்று ஏற்கும். கால், கொம்பு, கொக்கி, புள்ளி எதையும் எழுத்தாக மதிக்காது. ஆகவே 'சிலோன்' என்ற சொல்லில் 'சி'யின் கொக்கி முடிந்ததும் அதற்கு ஒரு சொல் முடிந்துவிட்டது. அடுத்து 'லோன்' என்ற புதுச் சொல் தொடங்குகிறது. சொல்லின் முன்புறம் மட்டும் அந்தக் குறியைப் போட்ட விதி என்றால், 'சிலோன் பரோட்டா எங்கே நல்லா இருக்கும்' என்று கேட்டவரின் கமெண்ட் காலி. 'கொலோன்' நகரத்துக்குப் போய் வந்தவருக்கும் அதே கதி.

ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய பாட் என்றால் நேர் எதிர். அதன் சொல்லெல்லைக் குறிக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் அடிக்கோடும்தான் தெரியும். தமிழ் எழுத்து ஒன்றுகூட அதன் கணக்கில் எழுத்து இல்லை. இருபுறமும் சொல்லெல்லை போட்ட விதியில் இடைவெளிகளுக்கு நடுவே தனியாக நிற்கும் 'லோன்' ஒருபோதும் சிக்காது. விதி இருக்கிறது, பச்சை விளக்கும் எரிகிறது, ஸ்பேம் தன்போக்கில் வந்துகொண்டிருக்கிறது.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். சொல்லெல்லைக் குறியை எடுத்துவிடுங்கள். தேடும் சொல்லுக்கு முன்னால், உலக மொழி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கியிருக்கும் 128 இடங்களில் எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது என்று நிபந்தனை போடுங்கள். பின்புறத்தைத் திறந்தே விடுங்கள். இல்லாவிட்டால் 'லோனுக்கு', 'லோனை', 'லோன்கள்' எல்லாம் தப்பிவிடும். புள்ளியையும் விட்டுவிட்டு 'லோன' என்று வேரை மட்டும் கொடுத்தால் வேற்றுமை ஏறிய வடிவங்களும் அகப்படும். இது எழுத்துக் கோளாறு மாதிரித் தெரிந்தாலும் வெளிப்படைத்தன்மையோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. நீக்கியது எழுதியவருக்கே தெரியாத தளத்தில், பரோட்டாக்காரர் புகார் கொடுக்கவே மாட்டார். விதி மாதக்கணக்கில் தப்பாகவே ஓடும்.

செயலிக் குழுக்களுக்கு வந்தால், டெலிகிராமும் வாட்ஸாப்பும் எதிரெதிர்த் துருவம். டெலிகிராமில் அட்மின் நீக்கிய மெசேஜ் குழுவில் சுவடே இல்லாமல் மறையும். ஆனால் அட்மின்கள் மட்டும் பார்க்கும் 'ரீசன்ட் ஆக்‌ஷன்ஸ்' பகுதியில் யார் நீக்கினார், வாசகம் என்ன என்பது இருக்கும், 48 மணி நேரத்துக்கு. வெள்ளி இரவு நடந்ததற்குத் திங்கள் காலை பஞ்சாயத்து வைத்தால் ஆதாரம் போயிருக்கும். அட்மின்களுக்கென்று தனிக் குழு ஒன்று வைத்து, நீக்குவதற்கு முன் அங்கே ஃபார்வர்டு செய்வதுதான் வழி. ஃபார்வர்டைத் தடுத்து வைத்திருக்கும் குழுக்களில் அதுவும் நடக்காது.

வாட்ஸாப்பில் 2022 முதல் அட்மின் மற்றவர் மெசேஜை எல்லோருக்குமாக நீக்கலாம். நீக்கிய இடத்தில் எந்த அட்மின் நீக்கினார் என்று பெயரோடு எல்லோருக்கும் தெரியும். காரணம் எழுத இடமில்லை, பின்னால் போய்ப் பார்க்க லாகும் இல்லை. பெயர் மட்டும் தெரிந்து காரணம் தெரியாமல் இருப்பதைவிடச் சண்டைக்கு நல்ல விதை வேறில்லை, அபார்ட்மென்ட் குழுவில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். நீக்கியதும் உடனே அதன் கீழே ஒரு வரி போட்டுவிடுவது தவிர வேறு மாற்று இல்லை.

அரட்டைச் செயலியான டிஸ்கார்டின் ஆடிட் லாக் (நிர்வாக நடவடிக்கைப் பதிவு) 45 நாள் நிற்கும். மாடரேட்டர் ஒருவர் மற்றவரின் மெசேஜை நீக்கியது பதிவாகும். மெசேஜின் வாசகம் பதிவாகாது. வாசகம் வேண்டுமென்றால் லாக் எடுக்கும் பாட் தனியாக வேண்டும். டிஸ்கார்டின் தானியங்கி வடிகட்டியான ஆட்டோமாடில் எச்சரிக்கை சேனல் ஒன்றை அமைத்துவிட்டால், அது தடுத்தவற்றின் வாசகமாவது அங்கே வந்து சேரும். உறுப்பினர் ஒருவரைத் தடை செய்யும்போது எழுதும் காரணம் லாகுக்குத்தான் போகிறது, தடைபட்டவருக்குப் போவதில்லை. அவருக்குச் சொல்ல பாட் வைத்திருந்தால் வரிசையைக் கவனியுங்கள்: முதலில் தனிச் செய்தி, பிறகு தடை. மாற்றிச் செய்தால் அவருக்கும் பாட்டுக்கும் பொதுவான சர்வர் (டிஸ்கார்டில் குழுவுக்கு அதுதான் பெயர்) இல்லாமல் போய், செய்தி சேராது.

விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கிதான் இந்த வரிசையில் மிகத் திறந்த கருவி. நீக்கல் பதிவை யாரும் பார்க்கலாம், தமிழ் விக்கிப்பீடியாவிலும் அப்படியே: எந்தப் பக்கம், எந்த நிருவாகி, எந்த நேரம், என்ன காரணம். ஒரு கட்டுரையின் சில திருத்தங்களை மட்டும் மறைக்கும்போது வாசகம், திருத்தச் சுருக்கம், எழுதியவர் பெயர் என மூன்று தனிப் பெட்டிகள் வரும். வேண்டியதை மட்டும் டிக் செய்யலாம். மறைத்த வரி வரலாற்றிலிருந்து காணாமல் போவதில்லை, கோடு போட்டுச் சாம்பல் நிறத்தில் அங்கேயே நிற்கும். பதிப்புரிமை மீறலுக்காக மறைக்கும்போது பெயர்ப் பெட்டியைத் தொடக் கூடாது. மற்றவரின் நல்ல பங்களிப்புக்கு உரிமம் கேட்கும் பெயர்க்குறிப்பு அங்கேதான் இருக்கிறது. நடப்பிலுள்ள கடைசித் திருத்தத்தின் வாசகத்தை மறைக்க மென்பொருள் விடாது. முதலில் பக்கத்தை முந்தைய நல்ல வடிவத்துக்கு மீளமைத்துவிட்டுப் பிறகு, தப்பான வாசகம் நுழைந்த திருத்தத்திலிருந்து வெளியேறிய திருத்தத்துக்கு முந்தையதுவரை அத்தனையையும் மறைக்க வேண்டும். நடுவில் ஒன்றை விட்டுவிட்டால் முழு வாசகமும் அதில் அப்படியே இருக்கும்.

அந்தத் திறந்த தன்மையே காலை வாருவதும் உண்டு. பக்கத்தை நீக்கப் போனால் காரணப் பெட்டியில் 'உள்ளடக்கம் இதுவாக இருந்தது' என்று பக்கத்தின் முதல் சில வரிகளை மென்பொருளே நிரப்பித் தரும் இயல்பு மீடியாவிக்கியில் உண்டு. சில விக்கிகள் அதை அணைத்து வைத்திருக்கின்றன. ஒருவரின் கைப்பேசி எண்ணைப் போட்டு அவதூறு எழுதிய பக்கத்தை அவசரத்தில் அப்படியே நீக்கினால், பக்கம் போய்விடும், எண் பொதுப் பதிவில் உட்கார்ந்துகொள்ளும். பெட்டியைக் காலி செய்துவிட்டுக் கையால் காரணம் எழுதுங்கள். பக்கத்தின் தலைப்பிலோ பயனர் பெயரிலோ வசை இருந்தால் லாக் வரியையே தனியாக மறைக்க வேண்டும். அதையும் தாண்டியவற்றுக்கு நிருவாகிகளுக்கே தெரியாத அளவில் ஒடுக்கும் அதிகாரம் தனியாக, சிலருக்கு மட்டும் இருக்கிறது.

ரெடிட் போன்ற தளமான லெம்மியின் மாட்லாகும் (மாடரேட்டர் நடவடிக்கைப் பதிவு) பொதுவானது, தேடிப் பார்க்கலாம். விவாத மன்ற மென்பொருளான டிஸ்கோர்ஸில் நீக்கிய பதில் ஊழியர்களுக்கு இளஞ்சிவப்புப் பின்னணியில் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. முகவரியில் வரும் பதில் எண் 14-க்குப் பிறகு 16 என்று தாவுவதை வைத்துக் கூர்மையானவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ட்விட்டர் போன்ற சமூக வலைத்தள மென்பொருளான மாஸ்டடான் 2022-இல் வந்த 3.5 பதிப்பிலிருந்து நடவடிக்கைக்கு உள்ளானவருக்குக் காரணமும் மேல்முறையீட்டு வசதியும் தருகிறது, முறையிட 20 நாள். முதல் கேள்விக்கு உருப்படியாகப் பதில் சொல்லும் கருவி இந்தப் பட்டியலில் அதுதான்.

காரணம் சொன்னால் வாக்குவாதம்தான் மிஞ்சும் என்ற அச்சம் மாடரேட்டர்களிடம் பரவலாக இருக்கிறது. ஷகுன் ஜாவேர், எமி பிரக்மன், எரிக் கில்பர்ட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 3 கோடியே 20 லட்சம் ரெடிட் போஸ்டுகளை வைத்து 2019-இல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரிச் சொல்கிறது: விளக்கம் கொடுத்த இடங்களில் பின்னாளில் நீக்கம் குறைகிறது, விளக்கத்தை மனிதர் கொடுப்பது பாட் கொடுப்பதைவிடக் கூடுதல் பயன் தந்ததாகத் தெரியவில்லை. வாசகம் தயாராக இருந்தால் பாட்டிடமே விட்டுவிடலாம் என்று இதை எடுத்துக்கொள்ளலாம். சட்டமும் இந்தப் பக்கம்தான் நகர்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் 17-ஆம் பிரிவில் நீக்கத்துக்குக் காரண அறிக்கை கேட்கிறது. தானியங்கியா என்பதையும் சொல்ல வேண்டும். இந்தியாவின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளும் பெரிய சமூக ஊடக நிறுவனங்கள் தாமாக நீக்கும்போது பயனருக்குக் காரணம் தெரிவிக்கச் சொல்கின்றன. ஆனால் இவையெல்லாம் நிறுவனத்தின் தோளில் இருப்பவை. சம்பளமில்லாத மாடரேட்டரின் மேசைக்கு எந்தப் படிவமும் வராது.

ஆகவே சொந்த லாக் ஒன்று வைத்துக்கொள்வதே நடைமுறை. ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும்: தேதி, இணைப்பு, விதி எண், எடுத்தது மனிதரா பாட்டா, எழுதியவருக்குச் சொல்லியாயிற்றா, முறையீடு வந்ததா, முடிவு என்ன. வாசகத்துக்கான பத்தியை வேறொரு ஷீட்டில், மாடரேட்டர்களுக்கு மட்டும் திறந்து வையுங்கள். முறையீட்டுக் கெடு முடிந்ததும் அழித்துவிடுங்கள். பொதுவில் வெளியிடுவதானால் முதல் ஷீட்டிலிருந்து விதிவாரியான மாத எண்ணிக்கை மட்டும் போதும். இணைப்பும் பெயரும் வேண்டாம்.

எழுதியவருக்குப் போகும் செய்தியில் நான்கு விஷயம் இருந்தால் போதும். 'பரோட்டாக் கடை பற்றிய உங்கள் கமெண்ட் விதி 4-இன் கீழ் (கடன் விளம்பரம்) தானியங்கியால் நீக்கப்பட்டது. சிக்கிய சொல்: லோன். தவறு என்று நினைத்தால் 7 நாளுக்குள் இதற்கே பதில் போடுங்கள், வேறொரு மாடரேட்டர் பார்ப்பார்.' எது, எந்த விதி, யார் எடுத்தது, எங்கே கேட்பது. 'சமூக நெறிகளை மீறியதால்' என்று மட்டும் எழுதினால் அவர் கேட்கும் முதல் கேள்வியே 'எந்த நெறி' என்பதாக இருக்கும், அதற்குத் தனியாக உட்கார்ந்து பதில் எழுத வேண்டிவரும். ஒரே ஆள் நடத்தும் குழு என்றால் 'வேறொரு மாடரேட்டர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'ஒரு நாள் கழித்து மறுபடி பார்க்கப்படும்' என்று போடுங்கள்.