தொண்டைக்கு ‘எதிர்ப்புசக்தி’ மாத்திரைகள்: சில வருட அனுபவம்

சீசன் மாறினாலே தொண்டை கட்டிக்கொள்ளும் ஆள் நான். டான்சில் வீங்கி, எச்சில் விழுங்கினால் காது வரை வலி இழுக்கும். ஆன்டிபயாடிக் முடித்துக் கொஞ்ச நாள் ஆனால் மறுபடி அதே கதை. அந்த அலுப்பில்தான் டாக்டர் பாக்டீரியா லைசேட் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சில வருடங்களாக விட்டு விட்டு எடுத்து வருகிறேன்.

தொண்டையைத் தாக்கும் பாக்டீரியாக்களைக் கொன்று உடைத்த துகள்கள்தான் லைசேட். உயிரில்லாததால் அவற்றால் தொற்று வராது. ஆனால் வாயின் உட்சவ்வில் உள்ள எதிர்ப்பு செல்கள் அவற்றைப் பார்த்து உஷாராகி, எச்சிலில் ஐஜிஏ எதிர்பொருளை (கிருமியை ஒட்டவிடாமல் தடுக்கும் புரதம்) கூட்டும் என்பது கணக்கு. இஸ்மிஜென், இமுடான் எல்லாம் இந்த ரகம்தான். நான் எடுப்பது நாக்குக்கு அடியில் வைப்பது: வெறும் வயிற்றில் தினம் ஒன்று, மாதத்தில் 10 நாள், இப்படி 3 மாதம்.

சொல்ல எளிது, வைத்திருப்பதுதான் கஷ்டம். மாத்திரை சுண்ணாம்புக் கட்டி போல மெதுவாகக் கரைந்து, கடைசியில் நறநறவென்று ஒரு பொடியாக நிற்கும். கடித்து விழுங்கிவிடலாம் என்று நாக்கு துடிக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் யாராவது போன் செய்வார்கள்! விழுங்கிவிட்டால் வாய்ச் சவ்வில் படவேண்டிய மருந்து நேரே வயிற்றுக்குப் போய்விடும், அப்புறம் என்ன பிரயோஜனம்?

பலன்? முதல் கோர்ஸில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அடுத்தடுத்த சீசன்களில் தொண்டைக் கட்டு வந்தாலும் லேசாக வந்து போனது, ஆன்டிபயாடிக் தேவைப்பட்டது குறைந்தது. மாத்திரையால்தானா என்று சத்தியம் செய்யமாட்டேன். தொண்டைத் தொற்று சில வருடங்களில் தானாகவே அடங்குவதும் உண்டு. ஒன்று மட்டும் உறுதி, வலி ஆரம்பித்த பிறகு போட்டால் ஒன்றும் நடக்காது. ஐரோப்பிய மருந்து முகமையும் 2019-ல் இந்த வகை லைசேட்களைப் பரிசீலித்துவிட்டு, அடிக்கடி திரும்பி வரும் சுவாசத் தொற்றைத் தடுக்க மட்டும் பயன்படுத்தலாம், வந்த தொற்றைக் குணப்படுத்த அல்ல என்றுதான் சொன்னது.

வாய்ப்புண்ணுக்கு லைசோசைம் மாத்திரை பார்த்தேன். பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1922-ல் விவரித்த அதே என்சைம். நம் எச்சிலிலேயே இருப்பதுதான், பாக்டீரியாவின் செல்சுவரை உடைக்கும். எரிச்சல் கொஞ்சம் அடங்கியது, அவ்வளவுதான். பெரும்பாலும் முட்டை வெள்ளைக்கருவிலிருந்து எடுப்பதால் முட்டை அலர்ஜி உள்ளவர்கள் தொடவேண்டாம்.

எனக்குப் பிடித்துப்போனது கே12 புரோபயாடிக். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் ஜான் டாக் ஆராய்ந்து எடுத்த நல்ல பாக்டீரியா. வாயில் தங்கிக்கொண்டு, தொண்டைப்புண் உண்டாக்கும் ஸ்ட்ரெப் கிருமியை அடக்கும் பொருள்களைச் சுரக்கிறது. இரவு பல் தேய்த்த பிறகு சப்பிவிட்டுப் படுக்கவேண்டும். மேலே மவுத்வாஷ் ஊற்றினால் கிருமியோடு இதுவும் போய்விடும். காலையில் வாய் நாற்றம் குறைந்தது எதிர்பாராத லாபம்.

இப்போதைக்கு சீசனுக்கு முன் லைசேட், இரவில் கே12 என்று ஓடுகிறது. ஆட்டோஇம்யூன் நோய் (எதிர்ப்பு சக்தி சொந்த உடலையே தாக்குவது) உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் லைசேட் எடுக்கக்கூடாது. இருமலே இல்லாமல் காய்ச்சல், டான்சிலில் வெள்ளைத் திட்டு என்றால் இதெல்லாம் ஓரம் கட்டிவிட்டு உடனே தொண்டையைக் காட்டிவிடுவேன். ஸ்ட்ரெப் தொற்றாக இருந்து ஆன்டிபயாடிக் எடுக்காமல் விட்டால் ருமாட்டிக் காய்ச்சலாகி இதய வால்வு வரை போகலாம்.