நர்ஸ் வேலைக்கு யூகேவா, அயர்லாந்தா, அமெரிக்காவா: நான் அயர்லாந்தை எடுத்த காரணம்

2022ல ஒரே வாரத்துல எனக்கு ரெண்டு ஆஃபர் லெட்டர் வந்துச்சு. ஒண்ணு இங்கிலாந்துல ஒரு என்ஹெச்எஸ் ட்ரஸ்ட் (அரசு ஹாஸ்பிடல் நிர்வாகம்), பேண்ட் 5, அதாவது ஆரம்ப நிலை ஸ்டாஃப் நர்ஸ். இன்னொண்ணு அயர்லாந்துல ஒரு அரசு ஹாஸ்பிடல், சர்ஜிக்கல் வார்டு. அமெரிக்காவுக்கும் என்கிளெக்ஸ்ங்கற நர்ஸ் லைசென்ஸ் பரீட்சை எழுதி பாஸ் பண்ணி வச்சிருந்தேன். கூட வேலை பார்த்தவங்க எல்லாரும் பவுண்ட் பெருசா யூரோ பெருசான்னு கால்குலேட்டர்ல தட்டிட்டு இருந்தாங்க, முதல் ரெண்டு நாள் நானும் அதைத்தான் பண்ணேன். மூணாவது நாள் நைட் டியூட்டியில, ரெண்டு மணி ரவுண்ட்ஸ் முடிச்சு சார்ட் எல்லாம் எழுதி வச்சுட்டு, ரெண்டு லெட்டரையும் பக்கத்துல பக்கத்துல விரிச்சு ஒரு வரி விடாம படிச்சேன். அப்பதான் பிடிபட்டுச்சு. சம்பளத்தை அப்புறம் பார்த்துக்கலாம், நம்ம குடுமி அந்த ஸ்பான்சர், அதாவது விசாவுக்கு பொறுப்பேத்துக்கிற ஹாஸ்பிடல் கையில எத்தனை வருஷம் இருக்கும்ங்கறதுதான் முதல்ல பார்க்க வேண்டியது.

எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்தை சட்டுனு முடிச்சிடறேன். இங்கிலீஷ் டெஸ்ட் மூணு நாட்டுக்கும் வேணும். யூகேக்கு ஐஇஎல்டிஎஸ்ங்கற இங்கிலீஷ் பரீட்சையில ரைட்டிங் 6.5, மத்த மூணும் 7. அமெரிக்க விசாவுக்கு முன்னாடி நம்ம பேப்பரை சரிபார்க்கிற விசாஸ்கிரீனுக்கு மொத்தம் 6.5, ஸ்பீக்கிங் மட்டும் 7. மருத்துவத் துறைக்குன்னே இருக்கற ஓஇடி டெஸ்ட் எழுதினா நம்ம வார்டு பாஷையிலயே கேள்வி வரும், எனக்கு அதுதான் சுலபமா இருந்துச்சு. யூகேக்கு சிபிடிங்கற கம்ப்யூட்டர் பரீட்சையை இங்கேயே எழுதிட்டு, போன பிறகு ஆஸ்கிங்கற செய்முறைப் பரீட்சை. அயர்லாந்துக்கு அந்த நாட்டு நர்சிங் கவுன்சிலான என்எம்பிஐ உங்க படிப்பை பார்த்து ஒரு டெசிஷன் லெட்டர் தரும், அதுக்கப்புறம் அங்க போய் அடாப்டேஷன் (வார்டுல மேற்பார்வையில செய்யற பயிற்சி) இல்லன்னா ஆப்டிட்யூட் டெஸ்ட். என்கிளெக்ஸ் குறைஞ்சது 85 கேள்வி, அதிகபட்சம் 150. படிக்கிற பொண்ணுங்க எதையும் தாண்டிடுவாங்க, அதனால பரீட்சையை வச்சு நாட்டை முடிவு பண்ணாதீங்க.

சம்பளமும் அப்படித்தான். இங்கிலாந்துல பேண்ட் 5 ஆரம்பம் 2025-26க்கு வருஷம் 31,049 பவுண்ட், அதுல 2 வருஷம், 4 வருஷம்னு ரெண்டு படிதான், உச்சம் 37,796. அயர்லாந்துல ஆரம்பத்துல பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனா வருஷா வருஷம் இன்கிரிமெண்ட் ஏறும், பழைய அனுபவத்துக்கும் இன்கிரிமெண்ட் கேட்டு வாங்கலாம். இதுக்கு பேப்பர் சரியா இருக்கணும். நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு இடத்துல கொடுத்த எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர்ல வாரத்துக்கு எத்தனை மணி நேரம்னு போடல, அந்த ஒரு வரிக்காக நாலு மாசம் மெயில் மேல மெயில் போட்டேன். கிளம்புறதுக்கு முன்னாடியே சேர்ந்த தேதி, விட்ட தேதி, வார மணி நேரம், எந்த வார்டு, எல்லாம் எழுதி சீல் வச்சு வாங்கிக்கோங்க.

இப்ப குடுமி விஷயத்துக்கு வரேன். யூகேல நர்ஸுக்கு கிடைக்கிறது ஹெல்த் அண்ட் கேர் வொர்க்கர் விசா. நல்ல விசாதான், மத்தவங்க கட்டுற ஹெல்த் சர்சார்ஜ் இவங்களுக்கு கிடையாது, வீட்டுக்காரரும் பிள்ளைகளும் கூட வரலாம், அவர் வேலையும் பார்க்கலாம். ஆனா அந்த விசா ஒரு ஸ்பான்சர் பேர்ல நிக்குது. வேற ஹாஸ்பிடலுக்கு மாறணும்னா புது ஸ்பான்சர் புது சர்டிபிகேட் ஆஃப் ஸ்பான்சர்ஷிப் தரணும், விசாவுக்கு மறுபடியும் அப்ளை பண்ணணும். வேலை போச்சுன்னா, இல்ல ஸ்பான்சரோட லைசென்ஸ் போச்சுன்னா, பொதுவா 60 நாள் டைம். இது ஐஎல்ஆர்ங்கற நிரந்தரமா தங்குற அனுமதி கிடைக்கிற வரைக்கும். அது 5 வருஷம்னு நம்பித்தான் நிறைய பேர் போனாங்க, 2025 மே மாசம் வந்த வெள்ளை அறிக்கையில அதை 10 வருஷமா ஆக்கப்போறோம்னு அரசாங்கமே எழுதிச்சு. எனக்கு ஆஃபர் வந்தப்போ இந்த பேச்சே இல்ல, அப்பவே 5 வருஷம் எனக்கு நீளமா தெரிஞ்சுச்சு.

என்கூட படிச்சவ ஒருத்தி அங்க ஒரு தனியார் நர்சிங் ஹோம்ல நர்ஸா சேர்ந்தா. வேலையில ஒரு குறை சொல்ல முடியாது, பின் நம்பரும், அதாவது அங்கத்த நர்ஸ் ரெஜிஸ்ட்ரேஷன் நம்பரும், வாங்கிட்டா. திடீர்னு ஓனருக்கு ஸ்பான்சர் லைசென்ஸ் ரத்து. அவ தப்பு எதுவுமே இல்ல. அந்த ரெண்டு மாசம் அவ வீட்டு ஃப்ரிட்ஜ்ல காலண்டரை ஒட்டி ஒவ்வொரு நாளா அடிச்சுட்டு வந்தா, பையன் ஸ்கூல் டெர்ம் நடுவுல இருந்தான். பின் நம்பர் கையில இருந்ததால 47வது நாள் ஒரு ஹாஸ்பிடல் எடுத்துக்கிச்சு. போன்ல அவ குரல் இன்னும் காதுல இருக்கு. அதனால யூகே போறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான், என்ஹெச்எஸ் ட்ரஸ்ட்டா பார்த்து போங்க, பெரிய இடத்துக்கு லைசென்ஸ் போற பயம் குறைவு. போன உடனே ஆஸ்கியை முடிச்சிடுங்க, வேலையில சேர்ந்து 12 வாரத்துக்குள்ள முதல் தடவை எழுதணும், 8 மாசத்துக்குள்ள ரெஜிஸ்ட்ரேஷன் முடியணும். பின் நம்பர் இல்லாத நர்ஸை இன்னொரு இடம் எடுக்குறது கஷ்டம்.

அயர்லாந்து கதை வேற. அங்க நர்ஸ் வேலை, ஆள் பற்றாக்குறை உள்ள வேலைகளோட கிரிட்டிகல் ஸ்கில்ஸ் லிஸ்ட்ல இருக்கு. முதல்ல அடாப்டேஷனுக்கோ ஆப்டிட்யூட் டெஸ்ட்டுக்கோ அடிபிகல் வொர்க்கிங் ஸ்கீம்ங்கற தற்காலிக அனுமதியில போவோம், ரெஜிஸ்ட்ரேஷன் வந்த பிறகு கிரிட்டிகல் ஸ்கில்ஸ் பெர்மிட். அந்த பெர்மிட்ல 21 மாசம் ஆச்சுன்னா ஸ்டாம்ப் 4ங்கற தங்கும் அனுமதிக்கு அப்ளை பண்ணலாம். ஸ்டாம்ப் 4 வந்துட்டா எந்த ஹாஸ்பிடலும் உங்களுக்கு பெர்மிட் எடுக்க வேண்டாம், பிடிச்ச இடத்துல பிடிச்ச வார்டுல இன்டர்வியூ கொடுத்து சேரலாம், நர்சிங்கையே விட்டு வேற வேலைக்கு போனாக்கூட யாரும் கேட்க முடியாது. யூகேல 5 வருஷம், அயர்லாந்துல ஏறக்குறைய ரெண்டு வருஷம். எனக்கு முடிவு எடுக்க இந்த ஒரு கணக்கு போதும்னு தோணுச்சு.

நடுவுல மாறணும்னாலும் வழி இருக்கு. நான் போனப்போ முதல் ஸ்பான்சர்கிட்ட 12 மாசம் இருக்கணும்னு இருந்துச்சு, 2024 செப்டம்பர்ல புது சட்டம் வந்து அது 9 மாசம் ஆச்சு. இன்னொண்ணு வீட்டுக்காரர் விஷயம். கிரிட்டிகல் ஸ்கில்ஸ் பெர்மிட் வச்சிருக்கறவங்களோட துணைக்கு ஸ்டாம்ப் 1ஜி கிடைக்கும், தனி பெர்மிட் இல்லாமலே வேலைக்கு போகலாம். எங்க வீட்டுக்காரர் வந்து ஆறாவது வாரம் ஒரு கோடவுன்ல வேலைக்கு சேர்ந்துட்டார், அவர் படிச்ச படிப்புக்கு உள்ள வேலை கிடைக்க ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, ஆனா இவ்வளவு சீக்கிரம் ரெண்டு சம்பளம்ங்கறது வீட்டு வாடகை கட்டுறப்போ தெரியும்.

ஸ்டாம்ப் 4 கார்டு வந்த வாரம் நான் செஞ்ச முதல் வேலை, வேற ஊர்ல ஒரு ஹாஸ்பிடல் ஐசியூக்கு அப்ளிகேஷன் போட்டது. ரெண்டு வருஷமா சர்ஜிக்கல் வார்டுல ஐசியூ கேட்டு கேட்டு, பார்க்கலாம் பார்க்கலாம்னு தள்ளிட்டே இருந்தாங்க. ராஜினாமா லெட்டரை நர்ஸ் மேனேஜர் மேஜையில வச்சப்போ அவங்க முகத்தைப் பார்த்தேன், அதுக்கு முந்தின வாரம் வரைக்கும் என்னை அனுப்புறதா வேண்டாமான்னு யோசிச்சவங்க, அன்னைக்கு இங்கேயே ஒரு ஐசியூ போஸ்ட் பார்க்கட்டுமான்னு கேட்டாங்க. ரெண்டு வருஷத்துல நான் வேற நர்ஸா மாறிடல, அந்த கார்டு மட்டும்தான் புதுசு.

அயர்லாந்துல கஷ்டமே இல்லன்னு சொல்ல மாட்டேன். வீடு பெரிய தலைவலி. ஹாஸ்பிடல் முதல் சில வாரத்துக்குத்தான் தங்க இடம் கொடுக்கும், அதுக்கப்புறம் நாமளே பார்த்துக்கணும், ஒரு வீட்டைப் பார்க்க போனா வாசல்ல முப்பது பேர் வரிசையில நிப்பாங்க. நான் ஏழு மாசம் ஒரு ரூமை இன்னொரு நர்ஸோட ஷேர் பண்ணேன், குடும்பத்தை கூப்பிட முடியாம இருந்ததுக்கு பேப்பரை விட வீடுதான் காரணம். அடாப்டேஷன் சமயத்துல சம்பளமும் கம்மி, அந்த தற்காலிக அனுமதியில குடும்பத்தை கூட்டிட்டு போகவும் முடியாது, மூணு வயசு குழந்தையை விட்டுட்டு போன எனக்கு அந்த நாட்கள் எப்படி போச்சுன்னு எழுதவே கை வரல. டாக்ஸும் பார்த்துக்கோங்க, தனி ஆளுக்கு 2025ல 44,000 யூரோவுக்கு மேல உள்ளதுக்கு 40 சதவீதம், எக்ஸ்ட்ரா டியூட்டி நிறைய எடுக்குறவங்க கைக்கு வர்றதைப் பார்த்து நொந்து போவாங்க. இவ்வளவுக்கும் பிறகு யாராவது கேட்டா நான் அயர்லாந்துன்னுதான் சொல்வேன்.

அமெரிக்காவுல நான் வேலை பார்த்ததில்ல, பரீட்சை எழுதி பேப்பர் வரைக்கும் போனவ, அந்த அளவுல எடுத்துக்கோங்க. சம்பளத்துல அது வேற உயரம், 2024 மே கணக்குப்படி அங்க ஆர்என், அதாவது ரெஜிஸ்டர்டு நர்ஸ் ஒருத்தரோட மீடியன் (நடு அளவு) வருமானம் வருஷம் 93,600 டாலர். நர்ஸுக்கு ஷெட்யூல் ஏன்னு ஒரு சலுகையும் இருக்கு, உள்ளூர்ல ஆள் கிடைக்கலன்னு ஹாஸ்பிடல் விளம்பரம் போட்டு நிரூபிக்க வேண்டாம், நேரா ஐ-140ங்கற கிரீன் கார்டு மனு போடலாம். இபி-3ங்கற வேலைக்கான கிரீன் கார்டு பிரிவு வழியா போனா இறங்குறப்பவே கிரீன் கார்டு, குடும்பத்தோட. குடுமி கணக்குல பார்த்தா விசா அளவுல இதுதான் முதலிடம். ஆனா வரிசை இருக்கே. ஒரு நாட்டுக்கு இவ்வளவுதான்னு கோட்டா இருக்கறதால, இந்தியாவுல பிறந்தவங்களுக்கு இபி-3 தேதி 2025ல கூட 2013ல நின்னுச்சு, அதாவது 2013ல ஃபைல் பண்ணவங்களுக்குத்தான் அப்ப முறை வந்திருந்துச்சு. இன்னைக்கு ஃபைல் பண்ற இருபத்தஞ்சு வயசு பொண்ணு எத்தனை வருஷம் காத்திருக்கணும்னு நீங்களே கணக்கு போடுங்க. ஹெச்-1பி வேலை விசா இருக்கேன்னு சிலர் ஏஜென்சி பேச்சைக் கேட்டு சொல்வாங்க, சாதாரண ஸ்டாஃப் நர்ஸ் போஸ்ட்டுக்கு அது பொதுவா கிடைக்காது.

இதுல நிறைய பேருக்கு தெரியாத ஒண்ணு, கணக்குல எடுக்குறது பாஸ்போர்ட் நாடு இல்ல, பிறந்த நாடு. அப்பா அம்மா குவைத்துலயோ துபாய்லயோ இருந்தப்போ அங்க பிறந்தவங்க, இலங்கையில மலேசியாவுல பிறந்தவங்க, இவங்க இந்திய வரிசையில வரமாட்டாங்க, பொது வரிசை. அதுவே ரெண்டு வருஷத்துக்கு மேலதான், ஆனா காத்திருக்கக்கூடிய காத்திருப்பு. கட்டிக்கிட்டவர் வேற நாட்டுல பிறந்திருந்தா அவரோட நாட்டு வரிசையையும் எடுத்துக்கலாம். பர்த் சர்டிபிகேட்ல இப்படி ஒரு ஊர் பேர் இருக்கறவங்க அயர்லாந்து பத்தி நான் சொன்னதை ஒதுக்கி வச்சுட்டு அமெரிக்காவை முதல்ல பாருங்க. நாங்க ரெண்டு பேருமே இந்தியாவுல பிறந்தவங்க, எனக்கு அந்த கதவு இல்ல.

வளைகுடா நாடுகள்ல டேட்டாஃப்ளோ (சர்டிபிகேட் சரிபார்ப்பு), பிரோமெட்ரிக் (கம்ப்யூட்டர் பரீட்சை)னு சீக்கிரம் முடியும், வருமான வரி இல்ல, ஆனா நர்ஸ் வேலையை வச்சு அங்கேயே நிரந்தரமா இருந்துடலாம்னு போக முடியாது, கடன் அடைக்க, வீடு கட்ட நாலஞ்சு வருஷம்னு போறவங்களுக்கு சரி. ஜெர்மனி போன ரெண்டு பேர் எனக்கு தெரியும், பி2 (நடுத்தரத்துக்கு மேல) அளவுக்கு ஜெர்மன் பாஷை கத்துக்கிட்ட பிறகு அவங்க நிம்மதியா இருக்காங்க, அந்த பாஷைக்கு ஒரு வருஷத்துக்கு மேல ஒதுக்க முடிஞ்சவங்க அவங்களைப் போல ஆட்கள்கிட்ட கேளுங்க.

கடைசியா பாண்ட், அதாவது இத்தனை நாள் வேலை பார்க்கணும்ங்கற ஒப்பந்தம். விசா உங்களை கட்டலன்னாலும் காண்ட்ராக்ட் கட்டும், எந்த நாடா இருந்தாலும். எனக்கு வந்த ரெண்டு லெட்டர்ல ஒண்ணுல ஒன்பதாவது பக்கத்துல சின்ன எழுத்துல, முன்னாடியே விலகினா ரெக்ரூட்மெண்ட் செலவு முழுக்க திருப்பிக் கட்டணும்னு இருந்துச்சு, எவ்வளவுன்னு தொகையே போடல. யூகேல இப்படி திருப்பி வாங்குறதுன்னா நியாயமான செலவு மட்டும், மாசம் போகப் போக குறையுற மாதிரி இருக்கணும்னு வழிகாட்டி நெறி இருக்கு, சர்டிபிகேட் ஆஃப் ஸ்பான்சர்ஷிப் கட்டணத்தையும் இமிகிரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜ்ங்கற, முதலாளி கட்ட வேண்டிய கட்டணத்தையும் நர்ஸ் தலையில கட்டவே கூடாது. அமெரிக்காவுல ஏஜென்சி வழியா போனா ரெண்டரை மூணு வருஷ காண்ட்ராக்ட் சகஜம். 2019ல நியூயார்க் ஃபெடரல் கோர்ட்ல ஃபிலிப்பைன்ஸ் நர்ஸ்கள் போட்ட வழக்குல, விலகினா 25,000 டாலர் கட்டணும்ங்கற ஷரத்து செல்லாதுன்னு தீர்ப்பு வந்துச்சு, ஆனா கோர்ட் வரைக்கும் போற தெம்பு புதுசா இறங்குன பொண்ணுக்கு எங்க இருந்து வரும். அதனால கையெழுத்துக்கு முன்னாடியே ஒரு மெயில் போடுங்க. நான் 6வது மாசம் விலகினா எவ்வளவு, 12வது மாசம் எவ்வளவு, 18வது மாசம் எவ்வளவு, எந்தெந்த செலவுக்குன்னு தனித்தனியா எழுதி அனுப்புங்கன்னு கேளுங்க. அயர்லாந்து ஹாஸ்பிடல் எனக்கு மறுநாளே அரைப்பக்கத்துல பதில் போட்டுச்சு. இன்னொரு இடத்துல இருந்து அது போன்ல பேசிக்கலாம்னு பதில் வந்துச்சு, நான் போன் பண்ணல.