சிங்கப்பூரா, டொரண்டோவா: தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு கணக்கு

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டுப் பெண் வந்து உட்கார்ந்தாள். அவள் கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது. அதே மாதத்தில், ரொம்ப நாளாகக் காத்திருந்த கனடா பி.ஆரும், அதாவது நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதியும், வந்துவிட்டது. ஏழு வயதில் ஒரு பையன், நாலு வயதில் ஒரு பெண். "அக்கா, நீங்க ரெண்டு ஊரையும் பார்த்தவங்க. எங்க போனா சீக்கிரம் ஒட்டிக்கலாம்?" என்று கேட்டாள்.

என் தம்பி குடும்பம் சிங்கப்பூரில் செங்காங்கில் இருக்கிறது. தங்கச்சி குடும்பம் டொரண்டோவில் ஸ்கார்பரோ பக்கம். இரண்டு வீட்டிலும் இரண்டிரண்டு மாதம் இருந்து, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு விட்டுக் கூட்டி வந்திருக்கிறேன். சம்பளம், வரி எல்லாம் அவள் கணவர் பார்த்துக்கொள்வார். நான் அவளிடம் சொன்னது, காலையில் எழுந்து ராத்திரி படுக்கிற வரைக்குமான வாழ்க்கையைப் பற்றி.

முதல் வாரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் சிங்கப்பூர்தான். போட்டியே இல்லை. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. எச்சரிக்கைப் பலகைகளில் தமிழ் எழுத்து இருக்கும், காலையில் கடையில் தமிழ் முரசு நாளிதழ் கிடைக்கும். செங்காங்கில் ஊதா நிற ரயிலில் ஏறினால் அதே ரயில் லிட்டில் இந்தியாவில் இறக்கிவிடும். தேக்கா சந்தையில் நுழைந்தால் முருங்கைக்காய், வாழைப்பூ, தோசை மாவு எல்லாம் உண்டு. மீன் கடையில் வஞ்சிரத்தைக் காட்டி எத்தனை துண்டு என்று தமிழிலேயே கேட்டார்கள். காசிமேட்டில் விடியற்காலையில் வலையிலிருந்து எடுத்த மீனைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதுவும் ஒரு படி கீழேதான். ஆனாலும் குழம்பு வைத்தால் குழம்பாக இருந்தது.

தங்கச்சி டொரண்டோவில் இறங்கியது ஜனவரி. முதல் செலவே நாலு பேருக்கும் பனிக்கால ஜாக்கெட், காலணி, பிள்ளைகளுக்குப் பனி பேன்ட். டிசம்பர், ஜனவரியில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். நம் ஊரில் வெயில் தாழ்ந்த பிறகுதானே வாசலுக்கே வருவோம், அங்கே அந்த நேரத்தில் தெருவில் ஓர் ஆள் இருக்க மாட்டார். அந்த முதல் குளிர்காலத்தில் தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு என்னைக் கூப்பிடுவாள். அவளுக்கு அப்போது காலை பத்தரை. பிள்ளைகள் பள்ளிக்கும் மாப்பிள்ளை வேலைக்கும் போயிருப்பார்கள். ஜன்னல் பக்கம் போனைத் திருப்பி, "பாரு, ஒருத்தரும் இல்ல" என்று காட்டுவாள். மூன்று மாதம் அப்படித்தான் போனது. இதைக் குறைத்துச் சொன்னால் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு நான் துரோகம் செய்தவளாவேன்.

ஸ்கார்பரோவிலும் தமிழ் இல்லாமல் இல்லை. நிறைய இருக்கிறது. அது யாழ்ப்பாணத்துத் தமிழ், அவ்வளவுதான். எண்பதுகளிலிருந்து ஈழத்தில் போருக்குத் தப்பி வந்தவர்கள் கட்டியெழுப்பிய கடைகள், கோயில்கள், வகுப்புகள். வஞ்சிரத்துக்கு அங்கே அறக்குளா என்று பெயர், ரொட்டி பாண், காரம் உறைப்பு. தங்கச்சி முதலில் திணறினாள். அப்புறம் பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் இவள் பிள்ளைகளோடு பனியில் பேருந்துக்கு நிற்பதைப் பார்த்து, "பிள்ளை, உள்ள வந்து நில்லும்" என்று கூப்பிட்டிருக்கிறார். இன்றைக்கு வரை தங்கச்சி பிள்ளைகளுக்கு அவர்தான் அம்மம்மா. வீட்டையும் நாட்டையும் விட்டு ஓடி வந்தவர்களுக்கு, புதிதாக வந்து நிற்பவளின் முகம் சட்டென்று புரிகிறது. சிங்கப்பூரில் தம்பி வீட்டு அடுக்கில் எல்லாரும் மரியாதையாகப் புன்னகைப்பார்கள். ஆறு வருடத்தில் யாரும் உள்ளே கூப்பிட்டதில்லை என்று தம்பி மனைவி சொன்னாள்.

வீடு பிடிப்பது இரண்டு இடத்திலும் கஷ்டம்தான், கஷ்டத்தின் வகை வேறு. நம் பக்கம் பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகியவர்களுக்கு, டொரண்டோ இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்தின் சட்டப்படி முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும்தான் முன்பணமாக வாங்க முடியும் என்பது நிம்மதியாக இருக்கும். ஆனால் கடன் வரலாறு, வேலைக் கடிதம் எல்லாம் கேட்பார்கள், புதிதாக வந்தவரிடம் இரண்டும் இருக்காது. தங்கச்சி முதல் ஒன்றரை வருடம் ஒரு வீட்டின் நிலவறையில்தான் இருந்தாள். சிங்கப்பூரில் வீடு கிடைத்தது, கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: எண்ணெயில் பொரிக்கக் கூடாது. வீட்டுக்காரர் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டார். இரண்டு வருடம் தம்பி வீட்டில் மீன் வறுக்கவில்லை. கேட்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும். தன் அடுப்பில் என்ன சமைப்பது என்று இன்னொருவர் சொன்னால் அது தன் வீடாகத் தோன்றாது, அதைத் தம்பி மனைவியின் முகத்தில் பார்த்தேன்.

பள்ளிக்கூடம்தான் பெற்றோர் முதலில் கேட்பது. டொரண்டோவில் விலாசத்தைக் காட்டினால் பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள். கட்டணம் இல்லை. நாலு வயது ஆகிற வருடத்திலேயே முழுநாள் மழலையர் வகுப்பு. ஆங்கிலம் தடுமாறினால் அதற்குத் தனி வகுப்பு உண்டு. பன்னிரண்டு வயது வரைக்கும் நகரப் பேருந்திலும் ரயிலிலும் பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது. சிங்கப்பூர் அரசுப் பள்ளிகள் மிக நல்லவை. ஆனால் அங்கே வெளிநாட்டுப் பிள்ளைக்கு இடம் கடைசியில்தான். இரண்டாம் வகுப்பும் அதற்கு மேலும் என்றால் ஆங்கிலத்திலும் கணக்கிலும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், எழுதினாலும் இடம் உறுதி இல்லை. கட்டணமும் அந்த நாட்டுப் பிள்ளைகள் கட்டுவதைப் போலப் பல மடங்கு. தம்பி பையன் தேர்வு எழுதிக் கிடைக்காமல், தனியார் இந்தியப் பள்ளியில் படிக்கிறான். உள்ளே இடம் கிடைத்துவிட்டால் ஒரு பெரிய நன்மை: தமிழைத் தாய்மொழிப் பாடமாகவே எடுக்கலாம், பள்ளியில் ஆசிரியர் இல்லையென்றால் அதற்கென்று இருக்கும் தமிழ்மொழி நிலையத்துக்குப் போய்ப் படிக்கலாம். டொரண்டோவில் தமிழ் என்பது சனிக்கிழமை வகுப்பு. தங்கச்சி பெண் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள்.

மருத்துவம்: ஒன்டாரியோவில் பி.ஆர். உள்ளவர்களுக்கு மாகாண அட்டை உண்டு, டாக்டரைப் பார்க்கவும் ஆஸ்பத்திரிக்கும் பணம் வேண்டாம். தங்கச்சி போனபோது அதற்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், 2020-இல் அதை எடுத்துவிட்டார்கள். பல்லும், பெரியவர்களுக்கு மாத்திரையும் அதில் சேராது. குடும்ப டாக்டர் கிடைக்கவும் நாளாகும். சிங்கப்பூரில் உடனே பார்ப்பார்கள், நன்றாகப் பார்ப்பார்கள். அரசு மானியம் குடிமக்களுக்கும் பி.ஆர். உள்ளவர்களுக்கும்தான், மற்றவர்கள் கம்பெனி காப்பீட்டை நம்பி இருக்க வேண்டும்.

பெரும்பாலோர் கணக்கில் விட்டுவிடுவது மனைவியின் வேலையை. சிங்கப்பூருக்குக் கணவரின் வேலை அனுமதியை வைத்து, அவர் மாதச் சம்பளம் குறைந்தது ஆறாயிரம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருந்தால்தான், மனைவி மக்களைச் சார்ந்தோராக அழைத்துப் போகலாம். முன்பெல்லாம் அப்படிப் போன மனைவி ஒரு சம்மதக் கடிதத்தோடு வேலை பார்க்கலாம். 2021 மே மாதத்திலிருந்து அவளுக்கென்று தனி வேலை அனுமதி வேண்டும் என்று ஆகிவிட்டது. தம்பி மனைவி அப்போது ஒரு அலுவலகத்தில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தாள். கடிதம் முடிந்ததும் அந்த அலுவலகம் அனுமதிக்கு விண்ணப்பிக்க முன்வரவில்லை. எம்.காம். படித்தவள், பாரிமுனையில் ஏழு வருடம் வேலை பார்த்தவள். அன்றிலிருந்து வீட்டில்தான். தம்பி நல்லவன், வீட்டு வேலையில் பாதியைச் செய்கிறான். அது அவளுக்குச் சம்பளம் ஆகாது.

தங்கச்சிக்கு இறங்கிய நாளிலிருந்தே வேலை பார்க்கும் உரிமை இருந்தது. சென்னைப் பட்டத்தை அங்கே உடனே மதிக்கவில்லை என்பதும் உண்மை. முதல் வருடம் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினாள், ராத்திரியில் படித்தாள். இப்போது மருந்துக் கடையில் உதவியாளர். மாப்பிள்ளை எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் வண்டி ஓட்டியவர். அங்கே வலது பக்கம் ஓட்டக் கற்றுக்கொண்டு, இரண்டாம் முறைதான் சாலைத் தேர்வில் தேறினார். ஐந்து வருடத்தில் 1,095 நாள் அந்த மண்ணில் இருந்ததைக் கணக்குக் காட்டிக் குடியுரிமையும் வாங்கிவிட்டார்கள். தம்பி இரண்டு முறை பி.ஆருக்கு விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. கிடைத்தாலும், பெற்றோர் வழியாகப் பி.ஆர். ஆகிற பையன் பதினெட்டு வயதில் இரண்டு வருடம் தேசிய சேவை (ராணுவம், போலீஸ் மாதிரி கட்டாயப் பணி) செய்ய வேண்டும். பையன் இருக்கிற வீட்டில் இதை இப்போதே பேசி முடிவெடுக்க வேண்டும்.

இவ்வளவும் டொரண்டோ பக்கம் சாய்கிறது. ஆனால் அம்மா விழுந்த ராத்திரியை நான் மறக்கவில்லை. குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. தம்பி கடைசி விமானத்தைப் பிடித்தான். நாலு மணி நேரப் பயணம்தான், விடியும்போது ஆஸ்பத்திரி வாசலில் நின்றான். ஆபரேஷனுக்கு முன் அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். தங்கச்சிக்கு டிக்கெட் கிடைத்து, நடுவில் விமானம் மாறி, வந்து சேர மூன்றாம் நாள் ஆகிவிட்டது. வந்தவள் பையைக்கூட இறக்காமல் அம்மா காலடியில் உட்கார்ந்து அழுதாள். அம்மா தேறிவிட்டாள். ஆனாலும் அந்த மூன்று நாளைப் பற்றி தங்கச்சி இன்னும் பேசுவதில்லை. கனடாவில் பெற்றோருக்கு சூப்பர் விசா உண்டு, ஒரு தடவையில் ஐந்து வருடம் வரை தங்கலாம். காப்பீடு ஒரு லட்சம் டாலருக்குக் குறையாமல் எடுக்க வேண்டும். அம்மாவிடம் கேட்டோம். திருவொற்றியூர் வடிவுடையம்மனை விட்டு எங்கும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அதனால் எதிர்வீட்டுப் பெண்ணிடம் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "உங்க மாமனார் மாமியாருக்கு, உங்க அம்மாவுக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒண்ணுன்னா யாரு ஓடி வருவாங்க?" கணவரின் அண்ணன் மாமனார் மாமியார் இருக்கிற அதே தெருவில் இருக்கிறார், அம்மா அண்ணனோடு கொருக்குப்பேட்டையில் இருக்கிறாள் என்றாள். யாரும் இல்லை என்று சொல்லியிருந்தால், அடுத்த சில வருடங்களுக்காவது சிங்கப்பூர் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அவளிடம் டொரண்டோ என்று சொன்னேன். அவள் கல்லூரி முடித்ததிலிருந்து சொந்தச் சம்பளம் வாங்குகிறவள், சிறியவளுக்கு நாலு வயது, கையில் பி.ஆர். இருக்கிறது. ஒரே நிபந்தனை போட்டேன்: ஜனவரியில் போகாதே. மே மாதம் போ. வெளிச்சம் ராத்திரி எட்டரை வரை இருக்கும், பூங்காவில் மற்ற அம்மாக்களைப் பார்ப்பாய், குளிர் வருவதற்குள் கதவைத் தட்ட நாலு வீடாவது தெரிந்திருக்கும்.

எந்த ஊருக்குப் போனாலும் பிள்ளைகளின் தடுப்பூசி விவரம் கேட்பார்கள். சிங்கப்பூரில் சார்ந்தோர் அனுமதிக்கு விண்ணப்பிக்கும் முன்பே சரிபார்ப்பார்கள், ஒன்டாரியோவில் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு உள்ளூர்ப் பொதுச் சுகாதார அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டும். எதிர்வீட்டுப் பெண்ணின் பெரியவனுடைய தடுப்பூசி அட்டை மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது நனைந்து அழிந்துவிட்டதாம். ஊசி போட்ட இடத்தில் பதிவேட்டைப் பார்த்துப் புதிதாக எழுதி வாங்க, நாளைக் காலை இரண்டு பேரும் போகிறோம்.