ஷட்டில் கற்க மூளை டெஸ்ட் எதற்கு?

எங்கள் ஏரியா பாட்மின்டன் அகாடமி ஒன்றில் பிள்ளையைச் சேர்த்தால் கூடவே பிள்ளைக்கு இடது மூளை ஓங்கியிருக்கிறதா, வலது மூளையா என்று சொல்லும் ‘மூளை ஆதிக்கப் பரிசோதனை’ என்று ஒன்றையும் தலையில் கட்டுகிறார்கள். 3,500 ரூபாய், கோச்சிங் ஃபீஸ் தனி. பெயர் போடவில்லை, இதே பேக்கேஜ் பல ஊர்களில் ஓடுகிறது.

பத்து விரலையும் ஸ்கேனரில் வைத்து ரேகை எடுத்தார்கள், அப்புறம் வழவழ தாளில் கலர் கலராக ரிப்போர்ட் வந்தது. என் பெண்ணுக்கு இடது மூளை 53.4 சதவீதமாம். புள்ளிக்குப் பின்னால் அந்த 4 எங்கிருந்து வந்தது என்று கவுன்சிலரிடம் கேட்டால், “சாஃப்ட்வேர் போடுதுங்க சார்” என்கிறார். விரல் ரேகை கருவில் இருக்கும்போதே அமைந்துவிடுகிற விஷயம், மூளையோ இருபது வயதைத் தாண்டியும் மாறிக்கொண்டே இருக்கிறது, அதை வைத்து இதை எப்படி அளப்பது? இந்திய மனநல மருத்துவர் சங்கமே இந்த ரேகை டெஸ்ட்டுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று சொல்லியிருக்கிறது.

கவுன்சிலர் பேச்சுக்குப் பேச்சு மூளை ஆராய்ச்சியாளர் ரோஜர் ஸ்பெர்ரி, நோபல் பரிசு என்றார். 1981இல் அவருக்கு நோபல் கிடைத்தது உண்மைதான். ஆனால் அவர் ஆராய்ந்தது, வலிப்பு நோய்க்காக மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றை துண்டிக்கப்பட்டவர்களை. நம் பிள்ளைகளுக்கு அந்தக் கற்றை முழுசாக இருக்கிறது! 2013இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மூளை ஸ்கேன்களைப் பார்த்தார்கள். மொழி பெரும்பாலும் இடப்பக்கம் என்பது போல சில வேலைகள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கின்றன, ஆனால் ஆளே ‘இடது மூளைக்காரர்’, ‘வலது மூளைக்காரர்’ என்று பிரிவதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஒரு ஸ்மேஷையே எடுத்துக்கொள்ளுங்கள், வலது கைக்குக் கட்டளை இடது பாதியிலிருந்து வருகிறது, ஷட்டில் எங்கே விழும் என்று கணிக்கவும் காலை நகர்த்தவும் இரண்டு பாதியும் வேண்டும், டைமிங்குக்குச் சிறுமூளை.

காசு போனதைவிட எனக்குக் கோபம் வந்தது பேட்ச் பிரித்ததில்தான். ‘இடது மூளை’ பிள்ளைகளுக்கு ஃபுட்வொர்க் டிரில், ‘வலது மூளை’ பிள்ளைகளுக்கு வெறும் கேம். இடது கையால் ஆடும் பையன் ஒருவன், நல்ல ரிஸ்ட், அவன் ‘வலது மூளை’, ‘கிரியேட்டிவ்’ என்று சொல்லி டிரில்லே கொடுக்காமல் விட்டார்கள், பின்கோர்ட்டுக்குப் போனால் திரும்பி வரக் கால் வரவில்லை. லின் டானும் கரோலினா மரினும் இடது கைக்காரர்கள்தான், ஒலிம்பிக் தங்கம் வென்றவர்கள், அவர்கள் ஃபுட்வொர்க்கைப் பார்த்திருக்கிறீர்களா? இடது கைக்காரருக்கு ஆட்டத்தில் அனுகூலம் இருக்கிறது என்றால் எதிராளிக்கு அந்தக் கோணம் பழக்கமில்லை என்பது பெரிய காரணம்.

கோச் மட்டும் தங்கமான மனுஷன். என் பெண்ணுக்குப் பேக்ஹேண்ட் வராதபோது முழங்கை, மணிக்கட்டு என்று குழப்பாமல் “அந்த மூலையில இருக்கிற கோட்டைப் பார்த்து அடிம்மா” என்றார், அடித்தாள். கோர்ட்டும் சுத்தம், லைட்டும் பரவாயில்லை.

கோச்சிங்குக்கு 4 ஸ்டார், ரிப்போர்ட்டுக்குப் பூஜ்யம். டெஸ்ட் கட்டாயம் என்றுதான் ரிசப்ஷனில் சொல்வார்கள், நேராக கோச்சிடம் போய்ப் பேசுங்கள், எனக்கு அப்புறம் சேர்ந்த இரண்டு பேருக்கு அது இல்லாமலே அட்மிஷன் கிடைத்தது.