துப்பாக்கித் துணிக்கு மசகு: விளக்கெண்ணெயா, தேங்காயெண்ணெயா, ஆட்டுக்கொழுப்பா?

குழலின் வாய்வழியாகக் கருமருந்து என்கிற பழைய வெடிமருந்தைப் போட்டு, ஈயக்குண்டைத் துணியில் பொதிந்து இறக்குகிற பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கி, உரிமத்தோடு வைத்திருக்கிறேன். அந்தத் துணிக்கு மசகு வீட்டிலேயே காய்ச்சலாம். தேன்மெழுகு பொது, கூடச் சேர்ப்பது எது என்பதுதான் கேள்வி. நான் விளக்கெண்ணெய்க்கு மாறிவிட்டேன். மெஷின் ஆயில், கிரீஸ் பேச்சே வேண்டாம், கருமருந்துக் கரியோடு சேர்ந்து தார் மாதிரி இறுகிவிடும்.

தேங்காயெண்ணெய் மலிவு, வாடையில்லை, கீழே சமவெளியில் வத்தலக்குண்டில் இருப்பவருக்குச் சரி. ஆனால் அது 24 டிகிரிக்குக் கீழே உறைகிற எண்ணெய், கொடைக்கானல் மேல்மலையில் சித்திரைப் பகலே அந்தச் சூட்டைத் தொடுவது அபூர்வம். மெழுகும் சேர்ந்தால் துணியில் ஊறாமல் பொறுக்காக நிற்கும், மார்கழியில் குண்டை இறக்கத் தோள் வலிக்கும்.

ஆட்டுக்கொழுப்பு பழைய ஆட்களின் வழி. உப்பு படாமல் உருக்கினால் நன்றாகவே வழுக்கும், நாளானால் சிக்குவாடை, எலி வேறு. (1857இல் தோட்டாக் கொழுப்பால் கலகம் மூளும் நிலை வந்தபோது, சிப்பாய்களே பிடித்ததைப் பூசிக்கொள்ளலாம் என்று கம்பெனி இறங்கிவந்தது, அதற்குள் காரியம் கைமீறியிருந்தது.) இதை நான் அதிகம் பயன்படுத்தியதில்லை, அதனால் ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன்.

விளக்கெண்ணெய் எங்கள் குளிரிலும் உறையாது, கெட்டியாகும், அவ்வளவுதான். அதைவிடப் பெரிய விஷயம் சுட்ட பிறகு வருகிறது. கருமருந்துக் கரி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், மஞ்சு இறங்குகிற ஊரில் ராத்திரி அப்படியே வைத்தால் காலையில் குழலுக்குள் துரு. எந்த மசகு போட்டாலும் வெந்நீர் ஊற்றிக் கழுவித்தான் ஆகவேண்டும். விளக்கெண்ணெய் போட்டிருந்தால் கரி இளகியே இருக்கும், கழுவும்போது சுரண்ட வேண்டியதில்லை, துடைத்துக் காயவைத்த பின் அதையே மெல்லத் தடவினால் இரும்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும். தேங்காயெண்ணெயில் கழுவுவதற்கே பாதி நாள் போய்விடும், எனக்கு மனசு மாறியது அங்கேதான்.

அளவு: மெழுகு ஒரு பங்கு, எண்ணெய் நான்கு. கோடையில் எண்ணெய் மூன்று போதும். மெழுகு சுமார் 63 டிகிரியில் உருகும், அதனால் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணம் வைத்தாலே போதும், நேரடித் தீ வேண்டாம், கருமருந்து அந்தப் பக்கமே இருக்கக்கூடாது. கை பிசுபிசுக்கும், அது குறைதான். துணி சொட்டச் சொட்ட இருந்தால் எண்ணெய் மருந்தில் இறங்கி வெடிக்காமல் போகும், பிழிந்து எடுங்கள். சமவெளி வெயிலில் இந்தக் கலவையை நான் சுட்டுப் பார்த்ததில்லை, அங்கே இருப்பவர்கள் மெழுகைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள்.