ரிமோட் மைக் வேலை செய்யவில்லை என்று ஆளைக் கூப்பிட்டேன், 4,550 ரூபாய் போச்சு

கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவுக்கு டிவி ரிமோட்டில் மைக் பட்டன்தான் எல்லாம். அம்புக்குறியை நகர்த்தி நகர்த்தி எழுத்து எழுத்தாகத் தேடுவது அவரால் ஆகாது. பட்டனை அமுக்கி "நாதஸ்வரம்" என்பார், வந்துவிடும். போன மாதம் திடீரென்று அது நின்றுவிட்டது. டிவி ஆன் ஆகிறது, சத்தம் கூடுகிறது, குறைகிறது. மைக்கை அமுக்கினால் மட்டும் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு வரி வந்து மறைகிறது. அந்த வரியை நான் நின்று படித்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இல்லை.

டிவி வாங்கி 11 மாதம். வாரண்டி அட்டை பீரோவில் இருக்கிறது, எழுந்து போய் எடுக்கச் சோம்பல். கூகுளில் கம்பெனி பெயரைப் போட்டு "சர்வீஸ் சென்டர் திருச்சி" என்று தேடினேன். முதல் நம்பரில் எடுத்தவர், புகார் பதிய 10 ரூபாய் அனுப்புங்க, ஒரு ஆப் இறக்குங்க என்றார். இந்த வித்தையெல்லாம் நமக்குத் தெரியும் என்று வைத்துவிட்டேன். அந்தத் தெம்பில் அடுத்த நம்பரை யோசிக்காமல் கூப்பிட்டதுதான் தப்பு. கம்பெனி பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அது விளம்பரம் என்பது பொடி எழுத்தில் இருந்தது.

மதியமே ஒருவர் வந்தார். வந்து பார்க்க 350. ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரிமோட் நல்லா இருக்கு சார். டிவிக்குள்ள ப்ளூடூத் மாட்யூல் போயிருச்சு. மாத்த 4,200 ஆகும்."

வாரண்டி இருக்கே என்றேன். "கம்பெனில போட்டீங்கன்னா இருபது நாள் இழுப்பாங்க சார். அம்மா அதுவரைக்கும் டிவி இல்லாம இருப்பாங்களா?"

இருக்க மாட்டார்தான். பின்மூடியைக் கழற்றினார், அரை மணி நேரம் எதையோ நோண்டினார், மூடினார். ரிமோட்டோடு டிவி முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். மைக் பேசியது. அம்மா காபி வேறு போட்டுக் கொடுத்தார். கையெழுத்து பில், ஜிஎஸ்டி நம்பர் கிடையாது. பழைய மாட்யூலைக் கொடுங்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து டிவி தானாக ஒரு அப்டேட் போட்டுக்கொண்டது. மறுநாள் மைக் மறுபடி ஊமை. அக்கா பையன் வந்திருந்தான். அந்த ஆங்கில வரியைப் படித்தான்: ரிமோட் பேர் (pair) ஆகவில்லை, அதாவது டிவியோடு இணையவில்லை. ஹோம் பட்டனையும் பேக் பட்டனையும் சேர்த்து அமுக்கிப் பிடித்தான். "அவ்ளோதான் மாமா."

பார்த்துக்கொண்டிருந்த அம்மா சொன்னார்: "அந்தத் தம்பியும் கடைசில இப்படித்தான் ரெண்டு பட்டனைச் சேத்து அமுக்கிட்டு நின்னுச்சு."

விஷயம் இதுதான். இந்த மாதிரி ரிமோட்டுகளில் பவர், வால்யூம் எல்லாம் இன்ஃப்ரா ரெட்டிலேயே போய்விடும், குரல் மட்டும் ப்ளூடூத்தில்தான் போகும். பேரிங் விட்டுப்போனால் மற்ற பட்டன்கள் ஒழுங்காக இருக்கும், மைக் மட்டும் செத்துவிடும். அதனால்தான் "ரிமோட் நல்லா இருக்கு" என்று யாராவது சொன்னால் நம்பிவிடுகிறோம். எந்த இரண்டு பட்டன் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டிவி செட்டிங்ஸில் ரிமோட், ஆக்சசரி என்று இருக்கும் இடத்திலேயே சொல்லியிருக்கும். ஃபயர் டிவியில் ஹோம் பட்டனை மட்டும் 10 விநாடி பிடிக்க வேண்டும். அதற்கும் முன்னால் பேட்டரியை மாற்றுங்கள், நெட் வருகிறதா பாருங்கள். பேர் ஆகியும் காது கேட்கவில்லை என்றால் கூகுள் ஆப்பில் மைக் அனுமதி அணைந்திருக்கலாம். ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு வைக்கும் வீடுகளில் (எங்கள் வீடும்தான்) மைக் துளையை அந்த உறையே மூடியிருக்கும்.

எனக்கு ஆறாதது வேறு. ப்ளூடூத் போச்சு என்று அவர் சொன்ன அந்த நிமிடம், எங்கள் சவுண்ட்பாரில் நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது. டிவியிலிருந்து சவுண்ட்பாருக்கு ஒயர் கிடையாது. ப்ளூடூத்தில்தான் ஓடுகிறது. சந்தேகத்துக்கு ரவுட்டரில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலையும் பார்த்தேன். பெரும்பாலான டிவிகளில் வைஃபையும் ப்ளூடூத்தும் ஒரே மாட்யூல். புதிதாக மாட்டியிருந்தால் மேக் முகவரி (கருவியை நெட்வொர்க்கில் அடையாளம் காட்டும் எண்) மாறி, புதுக் கருவியாகக் காட்டியிருக்கும். நான் வைத்த "அம்மா டிவி" என்ற பெயர் அப்படியே இருக்கிறது.

போன் செய்தேன். "போர்டு வீக் சார், வந்து பாக்கறேன்" என்றார். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. வாரண்டி அட்டையில் இருந்த நம்பரில் கம்பெனியைக் கேட்டால், வாரண்டிக்குள் ஆள் வருவதற்குக் காசே இல்லையாம். இப்போது வெளியாள் பிரித்துவிட்டதால் அதுவும் சந்தேகம். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். பில்லில் இருக்கும் கடைப் பெயர் ஒன்று, ஜிபேயில் பணம் போன பெயர் இன்னொன்று. இரண்டையும் அனுப்பியிருக்கிறேன். இதுவரை வந்திருப்பது புகார் எண் மட்டும்.