கிரேன் காலுக்கு அடியில் எதை வைப்பது? மரம், இரும்பு, பிளாஸ்டிக் பேட்: நீண்ட கால அனுபவம்

இயந்திரங்களை அடித்தளத்தில் இறக்கி உட்கார வைப்பதுதான் என் வேலை. கம்ப்ரசர், டிரான்ஸ்பார்மர், பிரஸ் என்று எதுவானாலும் சரி, ஏற்கெனவே நட்டு வைத்திருக்கும் ஆங்கர் போல்ட்டுகளின் மேல் இயந்திரத்தின் பேஸ் பிளேட்டின் (அடித்தகடு) ஓட்டைகள் வந்து அமர வேண்டும். போல்ட்டுக்கும் ஓட்டைக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான். இதற்கு வரும் கிரேன் எத்தனை டன் என்பதைவிட, அது எதன் மேல் நிற்கப்போகிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். மரக்கட்டை, இரும்புத் தகடு, பிளாஸ்டிக் பேட் மூன்றையும் வருஷக்கணக்கில் மாற்றி மாற்றிப் பயன்படுத்திவிட்டேன். விற்பவர்கள் சொல்வது தளத்தில் எவ்வளவு தூரம் நிற்கிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. கிரேனின் எடை 36 டன், சுமையும் சிலிங், ஷேக்கில் போன்ற தூக்கும் சாமான்கள் எல்லாமும் சேர்த்து 9 டன் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 45. பூம் (கிரேனின் நீண்ட கை) ஒரு மூலைக்கு நேராகத் திரும்பும்போது இதில் முக்கால் பங்கு வரை ஒரே அவுட்ரிகர் காலில் (கவிழாமலிருக்கப் பக்கவாட்டில் நீட்டி ஊன்றும் கால்) இறங்கலாம் என்று எடுத்துக்கொள்வது எங்கள் தொழில் வழக்கம். அதாவது சுமார் 34 டன். கிரேனோடு வரும் பாதம் அரை மீட்டருக்கு அரை மீட்டர் என்றால், மண்ணின் மேல் சதுர மீட்டருக்கு 136 டன். நல்ல கெட்டியான களிமண்ணே 15 முதல் 30 டன் வரைதான் தாங்கும். இளகிய களிமண் என்றால் 7 டன்னே அதிகம். அதே பாதத்துக்கு அடியில் 1.2 மீட்டர் சதுரப் பேட் ஒன்றை வைத்தால் அழுத்தம் சதுர மீட்டருக்கு 24 டன்னாக இறங்கிவிடுகிறது. பேட் விற்பவர்கள் எல்லோரும் காட்டும் கணக்கும் இதுதான்.

ஆனால் இந்தக் கணக்குக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. பேட் வளையாமல் இருந்தால்தான் முழுப் பரப்பும் வேலை செய்யும். இளகிய மண்ணில் பிளாஸ்டிக் பேட் நடுவில் தட்டு போலக் குழிந்து, ஓரங்கள் மேலே எழும்பி நிற்பதை நேரிலேயே பார்க்கலாம். அப்போது 1.2 மீட்டர் என்பது பெயருக்குத்தான். உண்மையில் சுமை தாங்குவது நடுவிலுள்ள பாகம் மட்டுமே.

பிளாஸ்டிக் பேட் என்று நாங்கள் சொல்வது மிக அதிக மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன். இதன் விறைப்பு 1 ஜிகாபாஸ்கலுக்கும் (விறைப்பை அளக்கும் அலகு) கீழே. நல்ல கடின மரத்துக்கு இழை நீள வாக்கில் 10க்கு மேல், இரும்புக்கு 200. அதோடு தடிமனும் சேர வேண்டும். வளைவை எதிர்க்கும் திறன் தடிமனின் மூன்றாம் மடியில் ஏறுகிறது. இதை வைத்துப் போட்டுப் பார்த்தால் 25 மிமீ இரும்புத் தகடு, 60 மிமீ பிளாஸ்டிக் பேடைவிடப் பதினைந்து மடங்குக்கு மேல் விறைப்பாக வருகிறது. அது எதிர்பார்த்ததுதான். 100 மிமீ தடிமனுள்ள மரக்கட்டை அந்த இரும்புத் தகட்டையும் மூன்று மடங்குக்கு மேல் தாண்டிவிடுகிறது என்பதுதான் பலர் நம்பாத விஷயம். பழைய ரிக்கர்கள் (பாரம் தூக்கி இறக்கும் தொழிலாளர்கள்) கட்டையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் இருக்கிறது.

ஒரு குறை: மரத்தின் விறைப்பு இழை ஓடும் திசையில் மட்டும்தான். ஒரே வரிசையாக அடுக்கினால் குறுக்கே கட்டைகள் தனித்தனியாகப் பிரிந்துவிடும். அதனால் கீழ் வரிசை ஒரு திசை, மேல் வரிசை அதற்குக் குறுக்கே. இடைவெளி விடாமல் நெருக்கி அடுக்க வேண்டும். கிரேனின் பாதம் மொத்தமும் கட்டை மேல் இருக்க வேண்டும், பாதி வெளியே தொங்கக்கூடாது.

மரத்தின் மேல் எனக்குள்ள உண்மையான புகார் வேறு. அது உள்ளே எப்படி இருக்கிறது என்று தெரியாது. மழையில் ஊறி, வெயிலில் காய்ந்து, ஹைட்ராலிக் ஆயில் குடித்து, வெளியே நன்றாகவும் உள்ளே மட்கியும் கிடக்கும். சுத்தியலால் தட்டி, சத்தம் மந்தமாக வந்தால் ஒதுக்கிவிடுகிறேன். ஒருமுறை நசுங்கிய இழை திரும்ப நிமிராது என்பதால், பாதத்தின் அச்சு ஆழமாகப் பதிந்த கட்டையும் ஒதுக்கல்தான். இப்படி ஒதுக்கிக்கொண்டே போனால் கட்டைக் குவியல் சீக்கிரம் கரைகிறது.

பிளாஸ்டிக்கைப் பற்றிக் குறை சொல்லிவிட்டேன், இனி நல்லதையும் சொல்ல வேண்டும். 1.2 மீட்டர் சதுரம், 50 மிமீ தடிமன் பேட் ஒன்று 68 கிலோதான். இரண்டு பேர் பிடித்து நகர்த்தலாம். அதே பரப்பில் 25 மிமீ இரும்புத் தகடு 280 கிலோவைத் தாண்டும். அதைக் கீழே வைப்பதற்கே கிரேன் வேண்டும், கிரேன் தூக்க முதலில் அதன் கால் ஊன்ற வேண்டும். சிரிக்க வேண்டாம், இந்தச் சுற்றில் காலை நேரம் முழுக்கப் போன தளங்கள் உண்டு. பிளாஸ்டிக் தண்ணீர் குடிப்பதில்லை, மட்குவதில்லை, ஆயில் பட்டாலும் துடைத்தால் போகும். தண்ணீரைவிட அடர்த்தி குறைவு என்பதால் வெள்ளம் தேங்கிய குழியில் மிதக்கக்கூடச் செய்யும். வளைந்தாலும் சுமை எடுத்ததும் பெரும்பாலும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். கான்கிரீட் தரை, தார் ரோடு, நன்றாக இறுகிய கிராவல் என்றால் நான் வேறெதையும் தேடுவதில்லை.

வெயிலில் கிடந்த கறுப்புப் பேட் மட்டும் வேறு பொருளாகிவிடுகிறது. சூடு ஏற ஏற விறைப்பு குறையும், இது இந்தப் பிளாஸ்டிக்கின் இயல்பு. மதியம் தூக்க வேண்டிய வேலை என்றால் பேடை நிழலில் வைத்திருந்து, கால் ஊன்றும் நேரத்தில்தான் எடுத்து வருவோம். நீண்ட நேரம் சுமை தாங்கி நின்றால் கொஞ்சம் நிரந்தரக் குழிவும் விழும். ஈரமும் எண்ணெயும் சேர்ந்தால் வழவழப்புப் பக்கத்தில் பாதம் நழுவப் பார்க்கும். சொரசொரப்புப் பக்கத்தை மேலே வைக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு புது ஹெல்பருக்கும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பேடின் மேல் அச்சடித்திருக்கும் டன் கணக்கு எனக்குப் பிடிக்காத விஷயம். 40 டன் என்று போட்டிருந்தால், அது நல்ல தரையில் பேட் எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதற்கான அளவு. அடியில் இருக்கும் மண் எவ்வளவு தாங்கும் என்பதைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை. ஆனால் தளத்தில் யாரைக் கேட்டாலும் அந்த எண்ணைக் காட்டித்தான் பேசுகிறார்கள்.

இரும்புத் தகடு எங்கே ஜெயிக்கிறது என்றால், மண் மேல் நம்பிக்கை இல்லாத இடத்தில். அடியில் அகலமாக இரும்பு, அதன் மேல் பிளாஸ்டிக், அதன் மேல் பாதம். இந்த அடுக்கு எனக்கு நன்றாக உழைத்திருக்கிறது. இரும்போடு இரும்பு நேராக உரசினால் வழுக்கும் என்ற கவலையும் இல்லை. ஆனால் ஒருமுறை வளைந்துவிட்ட தகடு திரும்ப நேராகாது. வளைந்த தகடு தரையில் ஆடும், ஆடும் தகட்டின் மேல் துல்லியமான வேலையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

சரி, இத்தனை கவலை எதற்கு? கால்களுக்கு நடுவே 6 மீட்டர் இருக்கும் கிரேனில் ஒரு பக்கம் வெறும் 10 மிமீ அமுங்கினால், 30 மீட்டர் உயரத்திலுள்ள பூம் நுனி 50 மிமீ நகர்ந்துவிடும். பொதுவாகக் கிரேன் 1 சதவீதச் சாய்வுக்குள் நிற்க வேண்டும் என்பது நடைமுறை. அந்த முழு 1 சதவீதமும் இருந்தால் அதே உயரத்தில் 30 சென்டிமீட்டர். கவிழாமல் நிற்பதற்கு அந்த வரம்பு போதும், போல்ட்டில் இறக்குவதற்குப் போதாது. சாய்வு கூடினால் பூம் பக்கவாட்டில் இழுபடும், அந்த விசையைத் தாங்குவதற்காக அது வடிவமைக்கப்படவில்லை. எந்த நிலையில் எவ்வளவு தூக்கலாம் என்று காட்டும் லோடு சார்ட்டில் இருக்கும் எண்கள் எல்லாம் லெவலில் நிற்கும் கிரேனுக்குத்தான்.

கேபினில் உள்ள குமிழி மட்டத்தை மட்டும் நம்பி லெவல் பார்க்கும் வழக்கத்தை விட்டுவிட்டேன். அது பொருத்தியிருக்கும் தகடு லேசாக வளைந்திருந்தாலே தப்பாகக் காட்டும். தனியாக ஒரு நல்ல ரசமட்டத்தை கிரேன் மேல்தளத்தில் இயந்திரத்தால் கடைந்து மட்டமாக்கிய பரப்பில் வைத்துப் பார்ப்போம். அப்புறம் பூமைப் பின்பக்கம் ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை நிறுத்தி, தொங்கும் ரோப் பூமின் நடுக்கோட்டோடு ஒத்துப்போகிறதா என்று தூரத்தில் நின்று பார்ப்பது. பழைய முறைதான், இன்னும் ஏமாற்றியதில்லை.

லெவல் பார்த்தவுடன் சுமையை மாட்டுவதில்லை. வெறும் பூமையோ லேசான சுமையையோ நான்கு மூலைக்கும் சுற்றி, ஒவ்வொரு காலுக்கும் பாரத்தைக் கொடுத்து, மண் அமுங்குவது அமுங்கட்டும் என்று விடுவோம். ஒவ்வொரு பேட் ஓரத்திலும் ஒரு இரும்பு ஸ்கேலைத் தரையில் நட்டு அளவைச் சாக்பீஸால் குறித்தால் எவ்வளவு இறங்கியது என்று தெரிந்துவிடும். அதன் பிறகு மறுபடி லெவல். சுமை தொங்கும்போது காலை ஏற்றி இறக்கும் ஜாக்கைத் தொடக்கூடாது என்பதால் இந்தப் பொறுமைக்கு மாற்று கிடையாது. இரண்டாவது சுற்றிலும் ஒரு கால் இறங்கிக்கொண்டே இருந்தால் அந்த இடத்தில் வேலையை நிறுத்துவதுதான் வழி.

எங்கள் வேலையில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. புது அடித்தளத்துக்காகத் தோண்டி, கான்கிரீட் போட்டு, சுற்றிலும் மண் நிரப்பியிருப்பார்கள். இயந்திரத்தை இறக்கக் கிரேன் நிற்க வேண்டிய இடமும் அதே நிரப்பு மண். மேலே பார்க்க மட்டமாக, அழகாக இருக்கும். அடியில் எத்தனை அடுக்காக இறுக்கினார்கள் என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு பதில். திறந்த குழி பக்கத்தில் இருந்தால், கெட்டி மண்ணில் குழியின் ஆழம் அளவுக்காவது தள்ளி நிற்க வேண்டும், நிரப்பு மண்ணில் அதுபோல இரண்டு மடங்கு. இதற்குக் கிரேன் தூரம் போகும், ஆரம் (கிரேனின் மையத்திலிருந்து சுமை வரையுள்ள தூரம்) கூடும், பெரிய கிரேன் கேட்கும். செலவைச் சொல்லி எல்லோரும் முறைப்பார்கள். மண்ணுக்கு அடியில் தொட்டி, குழாய், பழைய வடிகால் இருக்கிறதா என்று தளத்தின் பொறுப்பாளர் சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவில் 2010ல் வந்த ஓஷா (தொழிலிடப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பு) விதி தெளிவாகவே வைத்திருக்கிறது. எந்த நாட்டுத் தளமானாலும் அந்தக் கேள்வியை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

நிற்கும் இடமே ஆடினால் என்ன ஆகும் என்பதற்கு நெதர்லாந்தின் ஆல்ஃபன் நகரத்தில் 2015 ஆகஸ்ட் 3ல் நடந்ததைச் சொல்லலாம். மிதவைகள் மேல் நிறுத்திய இரண்டு கிரேன்கள் பாலத்தின் ஒரு பாகத்தைத் தூக்கும்போது கவிழ்ந்து வீடுகளின் மேல் விழுந்தன. மிதவையும் கிரேனும் சேர்ந்த மொத்த அமைப்பின் நிலைத்தன்மை போதவில்லை என்பதே விசாரணையில் வெளிவந்த சாரம்.

ஜாக்குகளிலும் சில விஷயங்கள் உண்டு. டயர் தரையைத் தொடாமல் தூக்கியிருக்க வேண்டும். கொஞ்சம் தொட்டால் கூடுதல் ஆதரவு என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அந்த நிலைக்குச் சார்ட்டே கிடையாது. மாலையில் நிறுத்தி மறுநாள் காலை தொடரும் வேலையில் லெவலை மறுபடி பார்க்காமல் தொடங்குவதில்லை. ஹைட்ராலிக் ஆயில் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.07 சதவீதம் சுருங்கும். சிலிண்டரில் அரை மீட்டர் உயரத்துக்கு ஆயில் நின்று, இரவில் 20 டிகிரி குளிர்ந்தால் ஏறக்குறைய 7 மிமீ இறக்கம். நான்கு காலிலும் ஒரே அளவு ஆயில் இருப்பதில்லை, அதனால் நான்கும் ஒரே அளவு இறங்குவதுமில்லை. அதற்கு மேலும் இறங்கினால் ஆயிலைப் பிடித்து நிறுத்தும் ஹோல்டிங் வால்வில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இடம் இல்லாமல் ஒரு பக்கக் காலை மட்டும் பாதி நீட்டி வேலை செய்யும்போது, பழைய கிரேன்களில் அந்த நீளத்தை ஆபரேட்டர்தான் கிரேனின் கம்ப்யூட்டரில் தேர்ந்தெடுக்க வேண்டும். முழு நீளம் என்று தேர்ந்தெடுத்துவிட்டால் அது அப்படியே நம்பிக் கணக்குப் போடும். கிரேன் தயாரிக்கும் லீபெர் நிறுவனத்தின் வேரியோபேஸ் மாதிரியான புது அமைப்புகள் ஒவ்வொரு காலின் நீளத்தையும் தானே அளந்துகொள்கின்றன. பயன்படுத்திய வரையில் எனக்குத் திருப்திதான்.

இறக்கும் கடைசி நேரத்தில் பலரைக் குழப்புவது, எடை அடித்தளத்துக்கு இறங்க இறங்கக் கொக்கி தானாக நகர்வது. வளைந்திருந்த பூம் நிமிர்கிறது, அமுங்கியிருந்த பேட் கொஞ்சம் எழும்புகிறது, கொக்கி கிரேன் பக்கம் உள்வாங்குகிறது. பிளாஸ்டிக் பேட் என்றால் இந்த எழும்பல் கூடுதல். அதனால் ஒரேயடியாக எடையை விடாமல், கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, நடுவில் நிறுத்தி ஆரத்தைச் சரிசெய்துகொண்டே போக வேண்டும். மிகவும் நெருக்கமான பொருத்தம் என்றால் பிளாஸ்டிக்கைத் தவிர்த்து, குறுக்கும் நெடுக்குமாகக் கட்டை அடுக்கு அல்லது தடித்த இரும்பு என்று போய்விடுகிறேன்.

எக்ஸ்கவேட்டரை வைத்தே இறக்கிவிடலாமே என்று கேட்பார்கள். ஐஎஸ்ஓ 10567 என்ற சர்வதேசத் தர முறைப்படி அதன் தூக்கும் திறன் கவிழும் சுமையில் 75 சதவீதம், ஹைட்ராலிக் திறனில் 87 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது. குழாய் இறக்க நல்ல வண்டி. போல்ட்டில் உட்கார வைக்க அதைக் கூப்பிட மாட்டேன்.

இப்போது எங்கள் லாரியில் பிளாஸ்டிக் பேட் ஒரு செட், இரும்புத் தகடு நான்கு, பொறுக்கி எடுத்த கட்டைகள் கொஞ்சம் இருக்கின்றன. பிளாஸ்டிக்கில் அடுத்த முறை 60 மிமீக்குக் குறைந்த தடிமனை வாங்கப்போவதில்லை. எந்தத் தயாரிப்பிலும் திருப்தி தராதது கயிற்றுக் கைப்பிடிதான். பேடே இன்னும் புதிதாக இருக்கும்போது கயிறு அறுந்துவிடுகிறது. சங்கிலி போட்ட பேட் ஒன்று வாங்கினோம், அது கையைக் கடிக்கிறது என்று பையன்கள் தொடுவதே இல்லை.